பிணை உண்டு, பிணையாளர் எங்கே?

1978-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த விண்ணப்பம் ஒன்று அளவில் மிகச் சிறியது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோத்திராம் என்னும் ஏழைக் கொத்தனாரைப் பிணையில் விடலாம் என்று உச்ச நீதிமன்றமே முன்னர் ஆணையிட்டிருந்தது. தொகையை வரையறுக்கும் பொறுப்பு மட்டும் கீழமை நீதிமன்றத்திடம் விடப்பட்டது. அங்கிருந்த தலைமை நீதித்துறை நடுவர் 10,000 ரூபாய்க்குப் பிணையாள் கேட்டார். உடன்பிறந்தவர் பிணை நிற்க முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று கூறி அவரை ஏற்க மறுத்தார் நடுவர். நாட்டின் தலைமை நீதிமன்றம் திறந்துவிட்ட கதவை ஒரு மாவட்ட எல்லை மூடிவிட்டது.

அந்த விண்ணப்பத்தை விசாரித்தவர் நீதியரசர் வி.ஆர்.கிருஷ்ண ஐயர். மலையாளியோ தமிழரோ கன்னடரோ தொலைதூர ஊர் ஒன்றில் கைதானால், அந்த ஊரில் நிலபுலன் உள்ள பிணையாளருக்கு அவர் எங்கே போவார் என்று தீர்ப்பிலேயே கேட்டார். பிணையாளர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்றும் வினவினார். மோத்திராமை 1,000 ரூபாய்க்கான சொந்தப் பத்திரத்தின் பேரில் விடுவிக்க ஆணையிட்டார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, தலச்சேரியில் வழக்குரைஞராக விளங்கிய அவர், 1948-இல் கம்யூனிஸ்டுகளுக்குத் துணைபோனதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தாமே சிறையில் இருந்தவர். கம்பிக்கு உள்ளேயிருந்து சட்டத்தைப் பார்த்த நீதிபதிகள் நம் நாட்டில் மிகச் சிலர். ஓய்வுக்குப் பின் அவர் வாழ்ந்ததும் 2014 டிசம்பர் 4 அன்று மறைந்ததும் கொச்சியில்தான். அவர் எழுப்பிய கேள்வியை இன்று அதே கொச்சியில் எழுப்ப வேண்டியிருக்கிறது.

மட்டாஞ்சேரிக்கும் தமிழருக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் அந்தத் தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. பக்கத்தில் வெளி என்னும் இடத்தில் உள்ள சலவைத் துறையில் இன்றும் துணி வெளுப்போரின் முன்னோர், அயலார் ஆட்சிக்காலத்தில் படைவீரர்களின் உடை வெளுக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். இவர்கள் கொச்சிக்காரர்கள், ரேஷன் அட்டையும் வாக்குரிமையும் தெரிந்த வக்கீலும் இவர்களுக்கு உண்டு. நாம் கவலைப்படுவது வேறொரு கூட்டத்தைப் பற்றி. வெல்லிங்டன் தீவையொட்டிய வாத்துருத்தியிலும், மேற்குக் கொச்சியின் வாடகை அறைகளிலும் நெருக்கியடித்துத் தங்கி, கட்டட வேலைக்கும் சுமைவேலைக்கும் மீன்துறைக்கும் போகும் தமிழர்களைப் பற்றி. ஒப்பந்தக்காரரின் கைப்பேசி எண்ணைத் தவிர இவர்களுக்கு அந்த ஊரில் வேறு முகவரி கிடையாது.

இவர்களில் ஒருவர் கைதாகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரிய குற்றம் எதுவும் வேண்டாம். கூலித் தகராற்றில் ஒரு கைகலப்பு, வேலையிடத்தில் காணாமற்போன செப்புக் கம்பி, சட்டைப்பையில் ஒரு பொட்டலம் கஞ்சா, இரவில் ஒரு வாகன விபத்து. இவற்றுள் ஒன்று போதும். சில நாள்களிலோ சில வாரங்களிலோ நீதிமன்றம் பிணை வழங்குகிறது. ஆணையின் இறுதி வரி பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும்: இன்ன தொகைக்குப் பத்திரம் எழுதித் தர வேண்டும், அதே தொகைக்குச் சொத்துத் தகுதியுள்ள இருவர் பிணை நிற்க வேண்டும். சிறை நெடுக நீள்வது இந்த வரிக்குப் பிறகுதான்.

பிணை நிற்பது என்றால் நடைமுறையில் என்ன? நிலம் உள்ள ஒருவர் வேண்டும். நடப்பாண்டுக்கான நிலவரியைக் கட்டி, கிராம அலுவலக ரசீதை அவர் கையில் வைத்திருக்க வேண்டும். தொகை பெரிதானால் உடைமைச் சான்றோ சொத்து மதிப்புச் சான்றோ கேட்கப்படலாம். அடையாள அட்டையோடு, தம் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, அவர் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். பெயர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். குமாஸ்தா விரல்வைத்துக் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்திட வேண்டும். பிறகு நடுவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்பார்: இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்? தஞ்சைக்காரருக்கோ தேனிக்காரருக்கோ பிணை நிற்க வரும், கொச்சியில் நிலமுள்ள இருவர் இந்தக் கேள்விக்கு என்ன விடை சொல்ல முடியும்? ஊரிலிருந்து தந்தை பட்டாவும் சிட்டாவும் எடுத்துக்கொண்டு இரவெல்லாம் ரயிலில் வந்து இறங்குகிறார். அந்தத் தாள்கள் தமிழில் இருக்கின்றன. நிலம் வேறு மாநிலத்தில் இருக்கிறது. சரிபார்ப்பது கடினம் என்று திருப்பப்படுகின்றன. மோத்திராமின் உடன்பிறந்தவருக்கு நேர்ந்ததும் இதுவேதான்.

இந்த இடுக்கில்தான் கூலிப் பிணையாளர்கள் முளைக்கிறார்கள். நாடெங்கும் நீதிமன்ற வளாகங்களின் வெளிச்சுவரையொட்டி இந்த வாணிகம் நடக்கிறது. ஒரே ரசீதைக் காட்டிப் பலருக்குப் பிணை நிற்பவர்களைத் தடுக்கத்தான், தாம் ஏற்கெனவே எத்தனை பேருக்குப் பிணை நிற்கிறோம் என்று பிணையாளர் உறுதிமொழி தர வேண்டும் எனச் சட்டம் விதித்தது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 486-ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. விதி நல்லதுதான். ஆனால் தெரிந்தவரே இல்லாத ஒருவரிடம் தெரிந்தவரைக் கொண்டுவா என்று கேட்கும்வரை, தெரியாதவரை விலைக்கு வாங்கும் வழக்கம் ஒழியாது. உண்மையை மட்டுமே கேட்க வேண்டிய மன்றம் பொய்க்கு வாசல் திறந்து வைத்திருப்பது முறையன்று.

கொச்சி மறக்கக்கூடாத பிணை வழக்கு ஒன்று உண்டு. 2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரைக்கு அப்பால் என்ரிகா லெக்சி என்னும் இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து சுடப்பட்டு மீனவர் இருவர் மாண்டனர். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர்; மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழர். கைதான இத்தாலியக் கடற்படை வீரர்கள் இருவருக்கும் மே 30 அன்று கேரள உயர் நீதிமன்றம் பிணை வழங்கியது. ஒரு கோடி ரூபாய்க்குப் பத்திரம், அதே தொகைக்கு இந்தியர் இருவர் பிணை என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை சில நாள்களில் நிறைவேறியது. அவர்கள் வெளியே வந்து கொச்சியிலேயே தங்கினர். அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு இத்தாலி சென்றுவரவும் நீதிமன்றம் அனுமதித்தது. சென்றவர்கள் திரும்பியும் வந்தனர். பிணை தந்தது பிழை என்று நாம் சொல்லவில்லை. பிணை தந்ததும் சரி, விழாவுக்கு அனுப்பியதும் சரி. கொலைக் குற்றச்சாட்டில் இருந்த அயல்நாட்டாருக்கு ஓர் அரசாங்கம் பின்நின்றதால் கொச்சியில் ஒரு கோடிக்குப் பிணையாளர் கிடைத்தனர். செப்புக் கம்பி திருடியதாகச் சொல்லப்படும் தமிழருக்கு 25,000 ரூபாய்க்கு ஆள் கிடைப்பதில்லை என்றால், குற்றத்தின் கனத்தைக் கொண்டு தராசு ஆடவில்லை என்பது தெளிவு.

கேரள மக்களுக்கு இந்த வலி தெரியாததன்று. மலையாளப் பத்திரிகையாளர் சித்திக் காப்பன் 2020 அக்டோபர் 5 அன்று உத்தரப் பிரதேசத்தில் கைதானார். 2022 செப்டம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கியது. உள்ளூர்ப் பிணையாளர் கிடைப்பது அரிதாயிருந்த அந்த வேளையில், அவரை முன்பின் அறியாத லக்னோ பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் ரூப் ரேகா வர்மா முன்வந்து பிணை நின்றார். மற்றொரு வழக்கிலும் பிணை பெற்று, 2023 பிப்ரவரி 2 அன்றுதான் காப்பன் வெளியே வந்தார். அந்நாள்களில் கேரளம் முழுவதும் அந்த மூதாட்டியை வாழ்த்தியது. வடக்கே ஒரு மலையாளிக்கு நேர்ந்தபோது அநீதியாகத் தெரிந்தது, மட்டாஞ்சேரியில் ஒரு தமிழருக்கோ வங்காளிக்கோ நேரும்போது வெறும் நடைமுறையாகத் தெரிவது எப்படி?

சட்டம் இந்த வகையில் குருடாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிணையில் விடத்தக்க குற்றங்களில், வசதியற்றவரைப் பிணையாளர் இன்றியே சொந்தப் பத்திரத்தில் விடுவிக்க வேண்டும் என்கிறது அதே சன்ஹிதாவின் 478-ஆம் பிரிவு. கைதான ஒரு வாரத்துக்குள் பிணையாளரைத் தர இயலவில்லை என்றாலே அவர் வசதியற்றவர் எனக் கொள்ளலாம் என்றும் அது கூறுகிறது. பத்திரத் தொகை வழக்கின் சூழ்நிலைக்கு மிஞ்சி இருக்கலாகாது என்றும், மிஞ்சினால் அமர்வு நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ குறைக்கலாம் என்றும் 484-ஆம் பிரிவு சொல்கிறது. பத்திரத்துக்கு மாற்றாகப் பணம் கட்ட நீதிமன்றம் அனுமதிக்கவும் இடமுண்டு. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதல்கள் இன்னும் தெளிவானவை. பிணை ஆணையின் படியைச் சிறைக்கு அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். பிணை கிடைத்து 7 நாள்களுக்குள் ஒருவர் வெளியேறவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பத்திரம் தரப்படாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே ஆராயலாம். உள்ளூர்ப் பிணையாளரே வேண்டும் என்று வற்புறுத்துவது விடுதலையைத் தாமதப்படுத்துகிறது. அத்தகைய வழக்குகளில் அந்த நிபந்தனையை விதிக்காதிருக்கலாம் என்றும் அதே ஆணை எடுத்துரைத்தது. அவ்வாண்டே நடுவணரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் ஒன்றையும் கொண்டுவந்தது. விசாரணைக் கைதி ஒருவரின் பிணைக்காக 40,000 ரூபாய்வரை அதிலிருந்து பெறலாம் என்று அது தொடக்கத்தில் வகுத்தது. போதைப்பொருள் சட்டம் போன்ற சில சட்டங்களின்கீழ் அடைபட்டோருக்கு மட்டும் அந்த உதவி இல்லை.

இத்தனையும் இருக்க, 2022-ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்றப்பதிவு ஆவணக்காப்பகப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோரில் நூற்றுக்கு 75 பேருக்கும் மேல் விசாரணைக் கைதிகள். சட்டத்தில் எழுதிய சொல் கைதியின் காதுக்கு எட்டவில்லை என்பதே பொருள். எட்டச் செய்ய வேண்டியவர் வழக்குரைஞர்.

வழக்குரைஞரைத் தேடுவதுபற்றி நம்மவரிடையே இரு மயக்கங்கள் உள்ளன. பணம் இருந்தால்தான் வக்கீல் என்பது ஒன்று. அரசு தரும் வக்கீல் அரசுக்காகப் பேசுவார் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. காவலில் உள்ள எவரும், வருமானம் எவ்வளவாயினும், கட்டணமின்றி வழக்குரைஞரைப் பெற உரிமையுடையவர் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கூறுகிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் தொழிற்கூடத் தொழிலாளருக்கும் அதே உரிமை உண்டு. அரசின் பக்கம் வாதிடுபவர் வேறு, சட்ட உதவி வழக்குரைஞர் வேறு. 2022 முதல் பல மாவட்டங்களில், தனி வழக்குகள் எதையும் ஏற்காமல் குற்றஞ்சாட்டப்பட்டோருக்காக மட்டும் முழுநேரம் வாதிடும் வழக்குரைஞர்கள் அமர்த்தப்பட்டுள்ளனர். கேரள மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தலைமையகம் கொச்சியிலேயே இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு நாட்டின் எந்த மூலையிலிருந்தும் அழைக்கலாம். அண்டை மாநிலத்துக்காரர் என்பது அங்கே தடையாகாது.

தம் செலவில் வக்கீல் வைப்போருக்கும் சில சொல்ல வேண்டும். இந்தியாவில் வழக்குரைஞர் விளம்பரம் செய்யக்கூடாது என்பது விதி. ஆகவே அயலூர்க்காரருக்குத் தகவல் தரும் முதல் ஆள் பெரும்பாலும் காவல்நிலைய வாசலில் நிற்கும் தரகர்தான். அவரிடம் பணம் கொடுக்காதீர்கள். 2023-இல் திருத்தப்பட்ட வழக்குரைஞர் சட்டம் தரகர்களின் பெயர்ப்பட்டியலை வெளியிட நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. பட்டியல் வரும்வரை உங்கள் விழிப்பே காவல். குற்றவியல் வழக்கு நடத்துபவரா, எந்த நீதிமன்றத்தில் வழக்கமாக நிற்பவர், வழக்குரைஞர் மன்றப் பதிவெண் என்ன என்று கேளுங்கள். கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை. வெளியே எடுத்தால் இவ்வளவு என்று முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவது வழக்குரைஞர் தொழில்நெறிக்கு முரண். தம் கட்சிக்காரருக்குத் தாமே பிணை நிற்பதும், பிணையாளர் தகுதியானவர் என்று சான்று தருவதும் அந்த நெறியில் விலக்கப்பட்டவை. எல்லாவற்றையும் வக்கீலே பார்த்துக்கொள்வார் என்று எண்ணி ஊரில் கைகட்டி இருந்துவிடும் உறவினர் இதை மனங்கொள்ள வேண்டும். வக்காலத்தில் கையெழுத்திட வேண்டியவர் கைதானவர். அவர் சிறையில் இருந்தால் சிறை அதிகாரியின் சான்றொப்பத்தோடு பெறலாம். முதல் தகவல் அறிக்கையின் படியைக் கேரளக் காவல்துறையின் துணா இணையவாயிலிலும் எடுக்கலாம், உணர்வுக்குரிய சில வழக்குகள் நீங்கலாக. அதில் உள்ள குற்ற எண்ணையும் சட்டப்பிரிவுகளையும் தெரிந்துகொண்டு வழக்குரைஞரைப் பார்ப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது.

கைதான முதல் நாளைப் பற்றி மட்டாஞ்சேரிக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1953 செப்டம்பர் 15 அன்று, தொழிலாளர் முன்னே வேலைச் சில்லுகளை வீசியெறிந்து பொறுக்கவிட்ட சாப்பா முறையை எதிர்த்துத் துறைமுகத் தொழிலாளர் கிளர்ந்தபோது, காவலர் துப்பாக்கிச் சூட்டில் சைதும் சைதலவியும் வீழ்ந்தனர். பிடிபட்ட ஆண்டனி காவலர் அடித்த அடியால் பின்னர் மாண்டார். துறைமுகம் என்னும் மலையாள நாடகமும் 2023-இல் வந்த அதே பெயருடைய திரைப்படமும் அதைப் பேசின. கைதுக்கும் நடுவர்முன் நிறுத்தலுக்கும் இடைப்பட்ட பொழுது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அந்த ஊரின் நினைவே சான்று. அந்தப் பொழுதை 24 மணி நேரத்துக்கு மேல் நீளவிடாமல் கட்டியது அரசமைப்பின் 22-ஆவது உறுப்பு. பயண நேரம் மட்டும் கணக்கில் சேராது. கைதுக்கான காரணத்தை அறியவும் தாம் விரும்பும் வழக்குரைஞரைக் கலந்துகொள்ளவும் அதே உறுப்பு உரிமை தருகிறது. உறவினர் ஒருவருக்குக் கைதுச் செய்தியைச் சொல்ல வேண்டியது காவலரின் கடமை. 7 ஆண்டுவரை தண்டனைக்குரிய குற்றங்களில் உடனே கைதுசெய்ய வேண்டிய தேவை இல்லையென்றால் அழைப்பாணை கொடுத்து வரச்சொல்ல வேண்டும் என்பதும் 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உறுதியாக்கப்பட்டது.

இவற்றுள் தமிழர் இறுகப் பற்ற வேண்டியது ஒன்று. 2025 நவம்பர் 6 அன்று மிகிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம், கைதுக்கான காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்து வடிவில் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உடனே தர இயலாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, காவல் நீட்டிப்புக்காக நடுவர்முன் நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பேனும் எழுத்தில் தந்தாக வேண்டும்; தவறினால் கைதும் காவலும் சட்டத்துக்குப் புறம்பாகும். கொச்சிக் காவல்நிலையத்தில் வங்காளியோ ஒடியரோ வந்தால் மொழி புரியாது என்பது எல்லாருக்கும் தெரியும். தமிழர் வந்தால் அப்படி அன்று. பேச்சு ஓரளவு புரிந்துவிடுகிறது. அதனால் எழுத்தும் புரிந்துவிட்டதாக இரு தரப்பாரும் நடித்துக்கொள்கிறார்கள். மலையாள எழுத்தை ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாதவர், 'மனசிலாயோ' என்று கேட்டதும் தலையாட்டிக் கையெழுத்திடுகிறார். அந்தத் தலையாட்டல் பின்னர் வழக்கில் அவருக்கு எதிராகவே நிற்கிறது. படிக்கத் தெரியாத தாளில், தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.

பிணையின் வகைகளை நீட்டி உரைக்க இது சட்டநூல் அன்று. இரண்டு மட்டும் சொல்வோம். கஞ்சாவில் 1 கிலோவரை சிறு அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. இரண்டுக்கும் பிணை பெறும் வாய்ப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. ஆகவே கைப்பற்றுதல் பட்டியலில் எழுதிய எடையை வழக்குரைஞர் முதலில் பார்க்க வேண்டும். இரண்டாவது, குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் பிணை உரிமையாகிவிடும். ஆனால் விண்ணப்பித்தவருக்கே அந்த உரிமை. 61-ஆம் நாள் உறங்கிவிட்டு, குற்றப்பத்திரிகை வந்தபின் விழித்தால் பயனில்லை. நாளை எண்ண ஆளில்லாத ஏழைக்கு அந்த உரிமை வெறும் எழுத்தாகவே முடிகிறது.

நீதிமன்றங்களின் தயக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. பிணையில் வெளிவந்த அயல்மாநிலத்தார் சிலர் தலைமறைவாகிவிடுகிறார்கள். கைதுக்குமுன் கொடுத்த முகவரியில் அந்த ஆள் இருப்பதில்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் முடங்குகிறது. பாதிக்கப்பட்டவருக்கும் நீதி கிட்டுவதில்லை. இதை மறைத்துவிட்டு ஏழைக்காகப் பேசுவது நேர்மையாகாது. பிணை என்பது விடுதலையன்று, வருகிறேன் என்று கொடுத்த வாக்கு; அதைக் காப்பது கைதானவரின் கடன். ஒவ்வொரு தவணைக்கும் கொச்சிக்கு வந்துபோகும் செலவை ஊரார் இப்போதே எண்ணிவைக்க வேண்டும். ஆயினும் தலைமறைவைத் தடுக்க நிலவரி ரசீது ஒன்றே வழி என்பதை நாம் ஏற்கவில்லை. சொந்த ஊர்க் காவல்நிலையம் வழியாக முகவரியைச் சரிபார்க்கலாம். கிழமைக்கு ஒருமுறை மட்டாஞ்சேரி நிலையத்திலோ சொந்த ஊர் நிலையத்திலோ கையெழுத்திடச் சொல்லலாம். தமிழ்நாட்டுப் பட்டாவை இணையவழியே நொடியில் சரிபார்க்க முடிகிற காலத்தில், எல்லைக்கு அப்பாலுள்ள நிலம் நிலமல்ல என்று சொல்வதற்கு இனி சாக்கில்லை. பல வழக்குகளில் தனித்தனிப் பிணையாளர் தேட முடியாமல் தவித்த ஒருவருக்கு, அதே பிணையாளர்களே எல்லா வழக்குக்கும் போதும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த அமர்வில் இருந்த நீதியரசர் கே.வி.விசுவநாதன் பொள்ளாச்சிக்காரர். ஊரையும் உறவையும் விட்டு வந்தவருக்குப் பிணை நிற்க நெருங்கிய சிலரைத் தவிர ஆள் கிடைப்பது அரிது என்ற உலகறிவு அந்தத் தீர்ப்பில் இருந்தது.

ஆகவே நாம் கேட்பவை வெளிப்படையானவை. எர்ணாகுளம் மாவட்ட நீதிமன்றங்கள், மேற்குக் கொச்சியின் நடுவர் மன்றங்கள் உட்பட, உள்ளூர்ப் பிணையாளர் என்ற எழுதாச் சட்டத்தைக் கைவிட வேண்டும். முதல் குற்றமும் சிறு குற்றமும் ஆனால் சொந்தப் பத்திரத்தையே பொதுவிதியாக்க வேண்டும். மட்டாஞ்சேரியிலும் காக்கநாட்டிலும் உள்ள சிறைகளில், பிணை கிடைத்தும் 7 நாள் கடந்தோரின் பட்டியல் ஒவ்வொரு வாரமும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தவறாமல் போக வேண்டும். தமிழ் படிக்கவும் எழுதவும் தெரிந்த வழக்குரைஞர் ஒருவரும் சட்டத் தன்னார்வலர் ஒருவரும் அந்தச் சிறைகளுக்குக் கிழமைதோறும் வர வேண்டும். பாலக்காடும் தேவிகுளமும் உள்ள மாநிலத்தில் தமிழறிந்த வழக்குரைஞருக்குப் பஞ்சமில்லை.

தமிழ்நாட்டு அரசுக்கும் இதில் பங்குண்டு. அயல்நாட்டில் சிறைப்பட்ட தமிழருக்காகக் கடிதம் எழுதும் அரசு, நான்கு மணி நேரத் தொலைவில் சிறைப்பட்டவரை மறக்கலாகாது. தமிழ்நாட்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கேரள ஆணைக்குழுவோடு நேரடித் தொடர்பு ஒன்றை ஏற்படுத்தி, கைதானவரின் குடும்பத்தையும் முகவரியையும் நிலத்தாளையும் சரிபார்த்து அனுப்பினால், நடுவரின் ஐயத்தில் பெரும்பகுதி தீரும். ஆள்சேர்த்து அழைத்துச் செல்லும் ஒப்பந்தக்காரர் மழையிலும் வெயிலிலும் இவர்கள் உழைப்பில் பிழைப்பவர். கைது என்றதும் கைப்பேசியை அணைத்துவிடுகிற வழக்கத்தை அவர் விட வேண்டும். இன்னார் என்னிடம் இத்தனை ஆண்டாக வேலை செய்கிறார் என்று நீதிமன்றத்தில் வந்து சொல்வதற்குச் சொத்து வேண்டியதில்லை.

இறுதியாக, கொச்சியில் தலைமுறைகளாக வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களுக்கும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் நிலவரி ரசீது இருக்கிறது. லக்னோவில் ஒரு முதுபெண், பெயர் மட்டுமே தெரிந்த ஒரு மலையாளிக்காக நீதிமன்றத்துக்கு நடந்தார். வாத்துருத்தியிலிருந்து ஒரு தாய் தேடி வந்தால், வழக்கைத் தெரிந்துகொண்டு, ஆளைப் பார்த்துப் பேசி, மனம் ஒப்பினால் பிணை நில்லுங்கள். ஒப்பாவிட்டால் 15100-ஐ அழைத்து அவரிடம் கைப்பேசியைக் கொடுங்கள்.